பெரியப்பா ஊருக்குப் போன காரணம்

பெரியப்பா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே "டீ ஆச்சா?" என்று கேட்டால் எங்கள் தாராவிச் சந்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். பரேலில் ஒரு மில்லின் தறிக்கூடத்தில் வாலிபம் முழுவதையும் நின்றே கழித்தவர். ஓயாமல் அடித்த தறிச் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது. ஓய்வு கொடுத்து அனுப்பியபோது ஒரு சால்வையும் தேங்காயும் கொடுத்தார்கள், காதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தெருப் பிள்ளைகள் அவரைச் செவிடர் என்பதற்கு மராட்டியில் "பஹிரா" என்று கூப்பிடுவார்கள். அதுவும் அவருக்குக் கேட்காது என்று அவர்களுக்கு நினைப்பு.

அப்பாவுக்கு அண்ணன் அவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அப்பாவைத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்குக் கூட்டி வந்ததும், குர்லாவில் பட்டறை வேலைக்குச் சொல்லிவைத்ததும், நாங்கள் "கோலி" என்று சொன்ன அந்த ஒற்றை அறையைப் பிடித்ததும் அவர்தான். அறுபதுகளில் அந்தக் கோலிக்குள் எங்கள் குடும்பம் முழுவதும் நெருக்கியடித்துக் கிடந்தபோது, பிடித்தவருக்கு மிஞ்சியது "மோரி" என்கிற குளிக்கும் மூலையை ஒட்டி ஒரு பாய் விரிக்கும் இடம்.

தறிக்கூடத்தில் வாய்விட்டுப் பேசிப் பயனில்லை என்பதால், மராட்டியோ தமிழோ, அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிப்பார்களாம். எனக்கு அது பெரிய கொண்டாட்டம். எதிர்மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, சத்தமில்லாமல் "பெரியப்பா, கடலை" என்று உதட்டை அசைப்பேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்பாவுக்கு இது தெரியாது. யாரிடமும் முகம் பார்த்துப் பேசுகிற வழக்கமே இல்லாத மனிதர், அண்ணனின் காதருகே போய்க் கத்துவார்.

அம்மாவுக்குத் தெரியும். பெரியப்பா இருக்கும்போது எதைப் பேசினாலும் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டுதான் பேசுவாள். புருஷனுக்கு மூத்தவர் முன்னால் என்ன அடக்கம் என்று தெருவே மெச்சியது. நானும் மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன்.

அம்மாவின் தம்பி, பம்பாயில் பிழைக்க மனைவியோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்த சமயம். ஒரு சாயங்காலம் அம்மா வாசலருகே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், அப்பா பக்கத்தில், பெரியப்பா எதிரே டீ குடித்துக்கொண்டு. அம்மா குரலைத் தணித்து அப்பாவிடம் சொன்னாள்.

"எந்தம்பி பொண்டாட்டியோட வாரான், எங்க படுக்க வைக்க? ஒங்க அண்ணாச்சிக்குத்தான் வேல முடிஞ்சிட்டுல்லா, ஊரப் பாக்கப் போனா என்ன? காலம் முச்சூடும் நாமளா கஞ்சி ஊத்தணும்?"

முந்தானை இடுப்பில் செருகியபடி இருந்தது. முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, பெரியப்பாவைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"நல்ல வேள, அண்ணாச்சிக்குக் கேக்காது" என்றார் அப்பா. கூடாது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

பெரியப்பா தம்ளரைத் தானே மோரியில் கழுவிக் கவிழ்த்தார். மறுநாள் காலையில், "ஊரு நெனப்பாவே இருக்குடே, போயி இருந்துட்டு வாரேன்" என்றார், தெரு முழுக்கக் கேட்கும்படி. தாதரில் மெட்ராஸ் மெயில் ஏற்றிவிடும்போது அப்பா அழுதார். அது பொய்யழுகை இல்லை. வண்டி நகரும்போது ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து பெரியப்பா என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். அவர் சத்தமில்லாமல் பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஏட்டி, ஒங்கம்மைட்ட ஒண்ணும் கேக்காத."

ஊரில் அவருக்கென்று யாரும் இல்லை. அடுத்த மழைக்காலத்தில் தந்தி வந்தது. அதற்குள் மாமா வேலை கிடைத்து வடாலாவுக்குத் தனிக்குடித்தனம் போயிருந்தார். மோரிப் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது.

இன்று பரேலில் அந்த மில் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. எங்கள் கோலியும் சந்தும் இடிபட்டுப் போய்விட்டன. நாங்கள் டோம்பிவிலிக்கு வந்துவிட்டோம். அம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. இனி அவளை யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று பேச என் தம்பியும் அவன் மனைவியும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் எங்கள் வாயையே பார்க்கிறாள். பெரியப்பா சொன்னபடி அவளிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை. மன்னிக்கவும் இல்லை. ஆனாலும் என் முறை வரும்போது, முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டுதான் பேசுகிறேன்.