மூக்கில் கதவு வைத்த வண்டி

முதுகுளத்தூரில் ஷேர் ஆட்டோ ஓட்டும் நாகலெட்சுமிக்கு இந்தக் காலத்து கார்கள் மேல் ஒரு கோபம் உண்டு. எல்லாம் ஒரே மூஞ்சி என்பார். சவாரி இல்லாத மத்தியானங்களில் போனில் பழைய கார்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். சுறாத் துடுப்பு மாதிரி பின்பக்கம் தூக்கிய அமெரிக்க கார், தண்ணீரில் இறங்கி நீந்திய ஜெர்மன் கார் என்று எதையும் விடவில்லை. கடைசியில் ஓர் இத்தாலிக் காரில் மனம் நின்றுபோனது. ஐம்பதுகளில் பிரிட்ஜ் செய்துகொண்டிருந்த கம்பெனி செய்த கார் அது. முட்டை வடிவம். ஒரே கதவு, அதுவும் மூக்கில். கதவைத் திறந்தால் ஸ்டியரிங்கும் கூடவே விலகும்.

"காருக்குள்ள குனிஞ்சு நுழையுறது என்ன மரியாதை? வீட்டுக்குள்ள போற மாதிரி நேரா நடந்து போகணும்" என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை. ஓடாமல் கிடந்த ஆட்டோ ஒன்றை வாங்கிப் பட்டறையில் கொடுத்து, முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று என்று மாற்றினார். உடம்புக்குப் பழைய தண்ணீர்த் தொட்டி. கதவுக்கு நிஜ பிரிட்ஜ் கதவே கிடைத்தது. முட்டை வைக்கும் குழிகளைக்கூட அவர் எடுக்கவில்லை. அவசரத்துக்கு வெளியேற இத்தாலிக்காரர்கள் செய்தபடியே கூரையில் ஒரு திறப்பும் வைத்தார். இத்தனை மாற்றத்தில் ரிவர்ஸ் கியர் மட்டும் எங்கோ போய்விட்டது. மஞ்சள் பெயின்ட் அடித்ததும் அதை எல்லாரும் மறந்தார்கள்.

முதல் சவாரியே கல்யாணம். மாப்பிள்ளை காளிராஜ் ஆட்டு வியாபாரி, நல்ல கனத்த உடம்பு. "அக்கா, நான் இதுலதான் போவேன்" என்று பிடிவாதமாக நின்றான். பெண் ஜோதிகாவுக்கு ஊர் நயினார்கோவில். மண்டபத்துக்கு வண்டி வந்து சேர்ந்ததும் மேளம் முழங்கியது. மாப்பிள்ளையின் மாமா பஸ்ஸுக்கு வழி காட்டும் கண்டக்டர் போல, "வரலாம், வரலாம், இன்னும் வரலாம்" என்றார். வண்டி வந்தது. மூக்கு மண்டபச் சுவரில் போய் முட்டிய பிறகுதான் "போதும்" என்றார்.

கதவு திறக்கவில்லை. திறக்க இடமே இல்லை.

"பின்னால இழுங்கப்பா!" என்று உள்ளிருந்து நாகலெட்சுமி கத்தினார்.

நாலு பேர் வண்டியைப் பிடித்தார்கள். பெண்ணின் அத்தை பூமயில் குறுக்கே வந்து நின்றார். "தாலி கட்ட வந்த மாப்பிள்ளைய பின்னால இழுக்கிறதா? எந்த ஊர்ல உண்டு?"

"அப்ப தூக்கித் திருப்பிருவோம்" என்றார் மாமா.

"மண்டபத்துக்கு முதுகு காட்டவா? நல்லாயிருக்கு!"

சுவரை இடிக்கலாமா என்று கேட்டதும் மண்டபக்காரர் ஓடிவந்து சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். முகூர்த்தம் நெருங்கியது. உள்ளே வியர்த்துப்போன காளிராஜ், முட்டைக் குழியில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து மோந்துகொண்டிருந்தான்.

"தம்பி, மேல ஒரு வழி இருக்கு" என்றார் நாகலெட்சுமி.

காளிராஜ் சீட்டில் ஏறி நின்றான். தலை வந்தது, மாலை வந்தது, தோள் வந்தது. வயிற்றோடு நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கூட்டம் கைதட்டியது. பூமயில் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, "இது சரி. மாப்பிள்ளை வெளிய வந்துட்டாரு" என்று தீர்ப்புச் சொன்னார்.

ஐயர் தாலித்தட்டோடு வெயிலுக்கு வந்தார். ஜோதிகா பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சமையல்காரர் கொடுத்த ஸ்டூலில் ஏறினாள். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் தோள் குலுங்கியது. அதனால் மூன்றாவது முடிச்சுக்கு நேரமானது. நாகலெட்சுமி எதையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் முழங்காலைத் தாங்கிப் பிடித்தபடி உள்ளேயே இருந்தார். மேலேயிருந்து அட்சதை அவர் தலையிலும் விழுந்தது.

தாலி ஏறியதும் பூமயில் கையை உதறினார். "இனி எங்கன வேணாலும் இழுங்க. அதான் கட்டிட்டாருல்ல."

வண்டியைப் பின்னால் இழுத்தார்கள். தேங்காய் எண்ணெய் தடவி மாப்பிள்ளையை உள்ளே இறக்கினார்கள். பிரிட்ஜ் கதவு திறந்தது. காளிராஜ் குனியாமல், நேராக, ராஜா மாதிரி நடந்து வந்தான். நாகலெட்சுமி காத்திருந்த காட்சி அதுதான். ஆனால் அதைப் பார்க்க வாசலில் யாரும் இல்லை. வண்டியை இழுத்தவர்கள் உட்பட எல்லாரும் பந்திக்குப் போயிருந்தார்கள்.

அன்றிலிருந்து வண்டிக்கு நல்ல கிராக்கி. கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் கூரை வழியாகத் தாலி கட்ட வேண்டும் என்கிறார்கள். கதவைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அவர் கூரைத் திறப்பைக் கொஞ்சம் அகலமாக்கியிருக்கிறார், மனமில்லாமல்தான்.

பட்டறைக்காரர் ஒரு யோசனை சொன்னார்: "பக்கத்துல ஒரு கதவு வச்சிட்டா பிரச்சினையே இல்லையேக்கா."

நாகலெட்சுமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்புறம் அது காரா ஆயிரும்ல?"