சபை மாறின தங்கை

என் தங்கை இரண்டாம் முறை ஞானஸ்நானம் வாங்கிக்கொண்ட செய்தி, அப்பா வேலை பார்த்த விழுப்புரம் ரயில்வே லோகோ ஷெட்டுக்குத்தான் முதலில் வந்தது. திண்டிவனத்திலிருந்து டூட்டிக்கு வருகிற ஒருவர் எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். "உங்க சின்னப் பொண்ணை ஏரியில முழுக்கி எடுத்தாங்களாமே? வெள்ளைப் புடவை கட்டிக்கினு நின்னுதாம்."

அப்பா அன்று வீட்டுக்கு வந்து, கையிலிருந்த எண்ணெய்க் கறையைக்கூடக் கழுவாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறி ஏடு கட்டிய பிறகு சொன்னார்: "இனிமே அவ கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்."

நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர். நான் கன்னியர் நடத்திய பள்ளியில் ஆசிரியை. பாடத்தோடு ஞானோபதேசமும் சொல்லிக்கொடுத்தேன். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. தங்கையை ஐம்பதுகளின் கடைசியில் திண்டிவனத்தில் வேர்க்கடலை வியாபாரம் நடக்கிற ஒரு மல்லாட்டை மண்டியின் கணக்கருக்குக் கொடுத்திருந்தோம். முதல் குழந்தை எட்டு மாதத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டது. நாங்கள் எல்லாரும் அடக்கத்துக்குப் போனோம், ஒரு வாரம் இருந்தோம், திரும்பி வந்துவிட்டோம். அவள் தெருவிலிருந்த வேறு சபை ஜெபவீட்டுப் பெண்கள் அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் தினம் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இதை இன்று சொல்ல முடிகிறது. அன்று அவர்கள் அவளைப் பறித்துக்கொண்டு போனதாகத்தான் நினைத்தேன். அவள் கணவர் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கோயிலுக்குப் போவார். கேட்டால், "அவ இஷ்டங்க அது, எனக்கு ஒண்ணும் பேஜாரு இல்ல" என்பார்.

நான் நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். குழந்தையில் கொடுத்த ஞானஸ்நானம் அழியாதது, அதை மறுபடி வாங்குவது முதலாவதை அவமதிப்பது என்று வரிசையாக நியாயம் அடுக்கியிருந்தேன். ஒரு கார்டில் பதில் வந்தது. "அக்காவுக்கு. கடிதம் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் பதில் எழுத எனக்குப் படிப்பு போதாது. அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா?" எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

அம்மா இதில் எந்தப் பக்கமும் பேசவில்லை. மாதம் ஒருமுறை காலை பாசஞ்சரில் திண்டிவனம் போய்விட்டுச் சாயங்கால வண்டியில் திரும்புவாள். எந்த வண்டி எப்போது வரும் என்று அப்பாவுக்கு மனப்பாடம். எங்கே போனாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டு வருடம் கழித்து அம்மா இறந்துபோனாள். தங்கை அவர்கள் சபை வழக்கப்படி வெள்ளைப் புடவையில், காதில் கழுத்தில் ஒன்றுமில்லாமல் வந்து இறங்கினாள். அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆனால் ஜெபமாலை சொல்லத் தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விட்டாள். சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின சாயங்காலம் மறுபடியும் வந்தாள். அவளைப் பார்த்ததும் அப்பா தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். மறுநாள் விடிந்ததும் நாங்கள் கோயிலுக்குக் கிளம்பினோம். அவள் கூடத்தில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரு, நேரமாவுது" என்றேன்.

"நான் வரல அக்கா."

"பெத்த தாய்க்குப் பூசை. நீ வரலையா?"

"செத்தவங்களுக்காக ஜெபம் பண்ண என் மனசு ஒப்பல. ஒப்பாம அங்க வந்து முட்டி போட்டா அது அம்மாவை ஏமாத்தறது மாதிரி."

"அம்மா மோட்சம் போவாம உத்தரிக்கிற ஸ்தலத்து நெருப்புல கெடந்து வெந்தாலும் உனக்குக் கவலையில்ல, அப்படித்தானே?"

சொன்னவுடனே வாயைப் பொத்திக்கொள்ளலாம்போல இருந்தது. அவள் அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தாள். கண் நிறைந்துவிட்டது. குரல் மட்டும் உயரவில்லை.

"அம்மா ஆண்டவர்கிட்ட இருக்குதுன்னு நான் நம்பறேன். நீ வேற மாதிரி நம்பற. நீ போய் ஜெபம் பண்ணு. ஜெபம் பண்ணிட்டு வர்றவங்களுக்கு நான் சோறு ஆக்கி வைக்கறேன். அதுக்கு என் மனசு ஒப்புது."

பூசையில் எனக்கு மனம் நிற்கவில்லை. சாமியார் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு லத்தீனில் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில், சவப்பெட்டிக்கு அடையாளமாக, கறுப்புத் துணி போர்த்திய வெறும் பெட்டி. முப்பது நாளாக அம்மாவுக்காக ஜெபித்தவள் நான். அன்று மட்டும், அம்மா படுத்திருந்த அந்த வீட்டில் அடுப்புப் புகையில் தனியாக நின்றுகொண்டிருந்த தங்கையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்காக அழ அவளுக்கு அன்று ஒரு துணை இல்லை.

திரும்பி வந்தபோது சோறு வடித்து, குழம்பு, ரசம் எல்லாம் தயாராக இருந்தன. ஐம்பது பேருக்கு மேல் இருப்போம். முதல் பந்தியில் அப்பா உட்கார்ந்தார். பரிமாறிக்கொண்டிருந்த அத்தை, வேண்டுமென்றோ வெள்ளந்தியாகவோ, "எல்லாம் சின்னவ சமையல்தான்" என்று உரக்கச் சொல்லிவிட்டாள். அப்பாவின் கை இலைக்கு மேல் அப்படியே நின்றது. பந்தி முழுவதும் அவரைப் பார்த்தது. தங்கை சமையலறை வாசற்படியில் நின்றிருந்தாள், கரண்டி கையோடு.

அப்பா சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். பிறகு தலை நிமிராமலே, "குழம்புக்கு உப்பு பத்தல" என்றார்.

இரண்டு வருடத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அவள் ஓடிப்போய் உப்பு எடுத்துவந்து இலையோரம் வைத்தாள். கடைசிப் பந்தியில் நான் சாப்பிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வருவதும் நான் அங்கே போவதுமாக இருந்தோம். ஆனால் எல்லாம் தீர்ந்துவிட்டதென்று எழுதினால் பொய். ஒருமுறை, சுரூபம் ஆகாத சபைக்காரி அவள் வரப்போகிறாள் என்று கூடத்திலிருந்த மாதா சுரூபத்தின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவைத்தேன். பார்த்துவிட்டு, "என்னா அக்கா, தவக்காலம் இன்னும் முடியலையா?" என்று கேட்டாள். தவக்காலத்தில்தான் நாங்கள் சுரூபங்களைத் துணியால் மூடுவோம். பிறகு தானே துண்டை எடுத்து மடித்துவைத்தாள். "இது உன் வீடு. எனக்காக எதையும் மூடாத." இதைச் சொன்ன அதே தங்கைதான் அந்த வருடமே எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேரிடம், ஜெபமாலை சொல்வது வீண் வார்த்தை என்று சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளைகள் என்னிடமே வந்து கேட்டார்கள். நான் நான்கு மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வேறொரு வேலையாகத் திண்டிவனம் போனபோது மத்தியானம் அவள் வீட்டுக்குள் நுழைந்தேன். எனக்காக ஏற்பாடு எதுவும் செய்ய அவகாசமில்லை. அடுப்பில் பருப்பும் கீரையும் இருந்தன. அவர்கள் சபையில் வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்குகிற வழக்கம் கிடையாது.

"அவருக்கு வெள்ளிக்கிழமை கறி ஆவாது இல்ல" என்றாள். "அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னு ஒரே வீட்ல எப்படி ரெண்டு அடுப்பு வைக்கறது? நானும் சாப்பிடறதில்ல." எனக்குக் கீரையைப் போட்டுக்கொண்டே, "அந்தப் பிள்ளைங்ககிட்ட நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். நான் அந்த உத்தரிக்கிற ஸ்தலத்துப் பேச்சுக்காக அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். மூன்று வருடம் ஆகியிருந்தது.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு நெஞ்சுச் சளி முற்றி நடமாட்டம் குறைந்தது. நான் பகலெல்லாம் பள்ளியில் இருப்பேன். "நான் சின்னவகிட்ட போறேன்" என்று அவரே சொன்னார். எனக்கு உள்ளுக்குள் பயம். கடைசிக் காலத்தில் அவரையும் மாற்றிவிடுவார்களோ என்று பயந்தேன். அதை அவளிடம் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

ஒரு மாதத்தின் முதல் வெள்ளி, பள்ளி விடுமுறை. காலையிலேயே போய்ச் சேர்ந்தேன். வீடு மெழுகியிருந்தது. அப்பாவின் கட்டிலருகே சின்ன மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி, இரண்டு மெழுகுவத்தி. சாமியார் நற்கருணை கொண்டுவரும் நேரம் என்றாள். ஒவ்வொரு மாதமும் அவளே சாமியாரின் பங்குவீடு வரை நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வருகிறாள் என்று அவள் கணவர் எனக்குத் தெரிவித்தார். இதற்காக ஜெபவீட்டில் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்களாம். சில மாதம் முன்வரிசையில் நின்று பாட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்களாம். அவள் பின்வரிசையில் உட்கார்ந்து பாடினாளாம். எங்களிடம் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சாமியார் வந்தபோது அவள் முழந்தாள் போடவில்லை. அடுக்களைக் கதவோரம் நின்றாள். அப்போது ஜெபங்களெல்லாம் தமிழுக்கு மாறியிருந்தன. அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொன்னார். கர்த்தர் கற்பித்த ஜெபம் வந்தபோது தங்கையின் உதடுகளும் அசைவதைப் பார்த்தேன்.

சாமியார் போனதும் தங்கை மேசைத் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, சாமியார் சொன்னதுல பாதிக்கு மேல எங்க ஜெபந்தான்."

"எங்க ஜெபம்" என்றேன் நான்.

கட்டிலிலிருந்து அப்பா, "ரெண்டு பேரும் சண்டையை வெளிய போய்ப் போடுங்க" என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம்.

அந்த வருடம் மழைக்காலத்தில் அப்பா இறந்தார். உயிர் பிரியுமுன் சாமியார் வந்து எண்ணெய் பூசி அவஸ்தைப் பூசுதல் கொடுத்த பிறகு, தங்கை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தன் வழக்கப்படி சத்தமாக ஜெபித்தாள். நான் அதற்கு ஆமென் சொன்னேன். அதில் தப்பாக ஒரு சொல்லும் எனக்குத் தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து நான் விழுப்புரம் திரும்பிய அன்று, என்னை வழியனுப்பப் பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். அவள் தன் நம்பிக்கையிலிருந்து இம்மியும் நகரவில்லை. நானும்தான். அவள் ஒருநாள் கோயிலுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் மன்றாடி வந்தேன். நான் வெளியே வர வேண்டும் என்று அவளும் மன்றாடுவாள் என்று எனக்குத் தெரியும்.

"அப்பாவுக்காக நீ ஜெபம் பண்ணிக்கினே இரு அக்கா" என்றாள். "அதை நிறுத்துன்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். என்னால முடிஞ்சது, உனக்காக ஜெபம் பண்றேன்."

முன்பென்றால் இதற்கு ஒரு பதில் எழுத நான்கு பக்கம் எடுத்திருப்பேன். அன்று பஸ் வரும்வரை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.