எடைக்கு எடை வெல்லம்

எடை மிஷினில் ஏறும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் எடை குறையும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ, எனக்கு இன்றுவரை தெரியாது. திருவானைக்காவலில் ஒரு சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். எடை பார்ப்பது, இடுப்பைச் சுற்றி டேப் வைப்பது, சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டச் சொல்வது, இதுதான் என் பிழைப்பு. ஆண்கள் ஏறுவதற்கு முன் செல்போன், சாவிக்கொத்து, பர்ஸ் எல்லாவற்றையும் என் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரு அம்மா, "ஏகாதசி முடியட்டும், அப்பறம் ஏறிக்கிறேன்" என்று ஒரு வாரம் தவணை கேட்டுப் போனார். தட்டில் பாதி காய்கறி இருக்க வேண்டும் என்று சுவரில் படம் ஒட்டியிருக்கிறோம். அதைப் பார்த்து, "எங்க வீட்டுத் தட்டா, உங்க தட்டா?" என்று கேட்டவரும் உண்டு. எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: "செருப்பைக் கழட்டுங்க, நேரா நில்லுங்க, மூச்சை விடுங்க." பிறகு எண்ணை உரக்கப் படிப்பேன். நாலு பேர் காதில் விழுந்தால்தான் உறைக்கும் என்பது என் கட்சி.

இப்படி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவளின் வீட்டில் தொண்ணூற்றாறு கிலோவில் ஒரு வீட்டுக்காரர். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் அவர் நடந்து வந்தால் எதிரே வருகிற ஸ்கூட்டர் கொஞ்சம் ஒதுங்கும். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. எங்கள் நிலையத்து டாக்டர் அவருடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை வாசல்ல வந்து நிக்குது. எடையைக் குறைச்சா அப்படியே திருப்பி அனுப்பிடலாம். இல்லைன்னா ஆயுசுக்கும் மாத்திரைதான். மூணு மாசம் பாப்போம்" என்றார். என் மாமனாருக்குச் சர்க்கரையில் ஒரு கால் போனது. அதை நான் கண்ணால் பார்த்தவள்.

அன்றிலிருந்து வீட்டில் கம்பு, வரகு, கீரை. சாப்பாட்டுத் தட்டை எடுத்து ஒளித்துவிட்டு டிபன் தட்டில் பரிமாறினேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சாயங்காலம் நடக்கச் சொன்னால் உத்தர வீதியை மூன்று சுற்று நடந்தார். ஆனால் வீட்டில் வைத்திருக்கிற எடை மிஷினில் ஏறினால் அதே தொண்ணூற்றாறு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை, யாரோ ஆணி அடித்து வைத்ததுபோல. இதைவிட ஒரு விநோதம் உண்டு. விடிந்ததும் தானாகப் போய் மிஷினில் ஏறி, தொண்ணூற்றாறு என்று பார்த்துவிட்டு, நிம்மதியாகப் பல் தேய்க்கப் போவார். அந்த எண்ணைப் பார்த்து எனக்கு அழுகை வரும், இவருக்கு எப்படி நிம்மதி வருகிறது என்று எனக்குப் புரியவேயில்லை.

நடுவில் சத்திரம் பேருந்து நிலையத்தில் எங்கள் முகாம் வந்தது. எடை பார்க்க வாருங்கள் என்று மைக்கில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஜனம் வேடிக்கை பார்த்தது, ஒருவரும் ஏறவில்லை. அந்த நேரம் பார்த்து, நான் மறந்துவிட்டுப் போன டிபன் கேரியரோடு இவர் வந்து சேர்ந்தார். கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டேன். "தொண்ணூத்தாறு!" என்று மைக்கில் சொன்னேன். அதோடு விட்டேனா? "வேற யாரும் இல்லைங்க, என் வீட்டுக்காரர்தான். தினமும் வீட்டுலயே ஒரு முகாம் நடத்திட்டிருக்கேன்" என்றேன். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு கூட்டம் வரிசையில் நின்றது. டாக்டர் என்னைப் பாராட்டினார், நானும் சாயங்காலம்வரை தரையில் கால் பாவாமல்தான் நடந்தேன்.

டாக்டர் கொடுத்த மூன்று மாதத்தில் பாதி போய்விட்டது. ஒரு வாரம் அவருக்கு வயிறு சரியில்லாமல் போய்த் தொண்ணூற்று நாலுக்கு இறங்கினார். மனுஷர் படுத்துக் கிடக்கிறாரே என்று வருத்தப்படாமல், இரண்டு கிலோ போயிற்று என்று சந்தோஷப்பட்ட பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மறுநாள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அடுக்களையில் கடைப் பொங்கல் பொட்டலம் பிரித்திருந்தது. அதன் மேல் எங்கள் வீட்டு நெய்யை இவர் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது? உசுர் மேல ஆசையே இல்லையா உங்களுக்கு?"

"ரெண்டு கிலோ குறைஞ்சிடுச்சு" என்றார், பணத்தைத் தொலைத்தவர் மாதிரி.

"அதுக்குத்தானே நான் தலைகீழா நிக்கிறேன்!"

கரண்டியைக் கீழே வைத்தார். போன வருஷம் எனக்கு டெங்கு வந்து கே.கே. நகர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மூன்றாம் நாள் டாக்டர்கள் இவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். இவர் வெளியே வந்து பெருமாளை வேண்டிக்கொண்டாராம், நான் பிழைத்து வந்தால் தன் எடைக்கு எடை வெல்லம் துலாபாரம் கொடுப்பதாக.

"வாசல்ல ஒரு எடை மிஷின் இருந்துச்சு. ஏறிப் பாத்துட்டுத்தான் வேண்டிக்கிட்டேன். தொண்ணூத்தாறு. இப்ப இளைச்சுட்டுப் போய் உக்காந்தா பெருமாளை ஏமாத்தின மாதிரி ஆகாதா?"

இன்சூரன்ஸ் ஆபீஸ் புத்தி. ஒப்பந்தத்தில் போட்ட எண்ணை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது.

"சரி, அப்பவே போய்க் கொடுத்திருக்கலாமே? வருஷம் திரும்பப்போகுதே!"

"ஆபீஸ்ல லீவே கிடைக்கலை. கிடைச்சு, நாள்கூடப் பாத்து வச்சிருந்தேன். அதுக்குள்ள நீ மைக்ல சொல்லிட்டே." தலையைக் குனிந்துகொண்டார். "அதுக்கப்பறம் நாலு பேர் பாக்கத் தராசுல ஏறவே கூசுது."

அன்று அவரும் சேர்ந்து சிரித்தாரே என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். என்னைக் காப்பாற்ற வேண்டிக்கொண்ட எண்ணை நான் ஒரு பேருந்து நிலையத்துக்கே சிரிப்பாக்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக என் மேலேயே கோபம் வந்தது. பொங்கலை எடுத்து மூடி வைத்தேன்.

"இந்த வாரமே போறோம். நீங்க எத்தனை இருந்தாலும் வெல்லம் தொண்ணூத்தாறு கிலோ வாங்கிடுவோம். பெருமாளுக்கு ஒண்ணும் குறையாது. எண்ணை யாரும் சொல்ல மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு."

கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெருமாள் கோயில். கூட்டம் இருக்காது என்று புதன்கிழமையாகப் பார்த்து, மண்டை வெல்லத்தை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். எங்கள் நேரம், திருவானைக்காவலிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து இறங்கியிருந்தார்கள். பாதிப் பேர் என்னிடம் எடை பார்த்தவர்கள். "நர்ஸம்மா!" என்று ஓடி வந்து தராசைச் சுற்றி வளையம் கட்டி நின்றுவிட்டார்கள். இவர் என்னைப் பார்த்த பார்வை, ஊசிக்குப் பயந்த பிள்ளை பார்க்கிற பார்வை. பிறகு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"மூச்சை விடுங்க" என்றேன். அந்த வார்த்தையை அவ்வளவு மெதுவாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

கோயில் ஆள் எதிர்த் தட்டில் வெல்லத்தை அடுக்கினார். அடுக்க அடுக்கத் தட்டு அசைந்து, கடைசியில் இரண்டும் ஒரு மட்டத்தில் நின்றன. "சரியாப் போச்சு, எறங்குங்க சார். இந்த மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடலாம்" என்றார்.

"இல்லைங்க, அதையும் வைங்க. வேண்டிக்கிட்டது அவ்வளவு" என்றேன்.

மிச்சமிருந்த இரண்டு கிலோவையும் வைத்தார். வெல்லத் தட்டு இறங்கியது. இவர் உட்கார்ந்திருந்த தட்டு மெல்ல மேலே எழுந்தது. அத்தனை பெரிய மனிதர், கால் தரையில் படாமல், கையைக் கூப்பிக்கொண்டு இருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. நான் உயிரோடு நிற்கிறேன் என்பதற்காக ஒருவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற அம்மா என் முழங்கையை இடித்தார். ஏகாதசிக்குத் தவணை கேட்ட அதே அம்மா.

"சார் எத்தனை கிலோ, நர்ஸம்மா?"

தராசின் மேலிருந்து இவர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும்.

"துலாபாரத்துல எடையை வெளிய சொல்லக் கூடாதும்மா" என்றேன். அப்படி ஒரு சாஸ்திரம் எங்கேயும் இல்லை, அந்த நிமிஷம் நானே உண்டாக்கியது. அந்த அம்மா பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். தட்டில் இருந்தவர் இத்தனை நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார்.