கயிறு கட்டி வந்த படகு

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது என்று இந்த நினைவு மலருக்காக அச்சகத்தில் எழுதிக் கொடுத்தேன். யாரோ சொல்லச் சொல்ல நான் எழுதுவதுபோல இருந்தது. காலையில் கேலி பேசிவிட்டுப் போன மனிதர் மாலையில் பேச்சில்லாமல் வந்தால், அதை ஏற்றுக்கொள்ள ஓராண்டு போதுமா? எனக்குப் போதவில்லை. ஆனாலும் உறவும் நட்பும் கூடி அவரை நினைக்கும் இந்நாளில், ஒரே தங்கை என்ற முறையில் நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். அண்ணி சொன்னபின் மறுபேச்சு ஏது?

அண்ணன் பிறந்தது நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், சுற்றிலும் வயல் சூழ்ந்த ஒரு தெருவில். அப்பாவும் அம்மாவும் மிராசுதார் ஒருவரிடம் பண்ணையாட்கள். நடவும் அறுப்பும் தவிர எங்கள் வீட்டில் யாருக்கும் வேறு தொழில் தெரியாது. அண்ணனுக்கு மட்டும் சின்ன வயதிலேயே கை இரும்புப் பக்கம் போனது. மிராசுதாரின் ஆயில் என்ஜினை ஓட்டவும், நின்றுபோனால் பிரித்துச் சேர்க்கவும் தாமே பழகிக்கொண்டார். "இது சோறு திங்கிற கையாடா? ஆயில் நாத்தம் கொடலப் புடுங்குது" என்று அம்மா திட்டுவார். திட்டிக்கொண்டே வெந்நீர் வைத்துக் கொடுப்பார்.

ஆட்சி மாறி, சுவரெல்லாம் கறுப்பும் சிவப்புமாகக் கிடந்த காலம் அது. கோட்டையில் ஆள் மாறினாலும் எங்கள் களத்தில் கூலி அளக்கிற மரக்கால் மாறவில்லை. கூலியைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெரு ஆட்கள் வயலில் இறங்காமல் வரப்பில் நின்றார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். அவர்கள் நடவேண்டுமென்றால் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். வாய்க்காலில் முறை வராத நேரம், என்ஜின்தான் இறைக்க வேண்டும். "நீ பாட்டுக்கு என்ஜினை ஓட்டு, உனக்கு ஒண்ணும் ஆகாது" என்று அண்ணனிடம் ஆள் அனுப்பினார். "எங்கப்பா வரப்புல நிக்கிறாருங்க. அவரு எறங்காத வயலுக்கு நான் தண்ணி எறைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். பொழுது சாய்வதற்குள் மிராசுதாரின் ஆட்கள் வந்து எங்கள் கூரையைப் பிரித்து எறிந்தார்கள். அடித்த அடியில் அப்பாவின் தோள்பட்டை இறங்கிப்போனது. சாகும்வரை அந்தக் கையை அவரால் தூக்க முடியவில்லை. அண்ணன்மேல் கேஸ் போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், பேராவூரணிக்குத் தேங்காய் ஏற்றப் போன லாரி ஒன்றில் அம்மா அவரை ஏற்றிவிட்டார்.

பேராவூரணியிலிருந்து அவர் போய்ச் சேர்ந்தது சேதுபாவாசத்திரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊர். விசைப்படகுகள் அந்தக் கரைக்கு வரத் தொடங்கியிருந்தன. படகு புதிது, ஆனால் உள்ளே வைக்கிற கியர் பெட்டி பழையது. எங்கோ உடைத்த படகுகளிலிருந்து கழற்றி விற்றதுதான் எல்லாருக்கும் கட்டுபடியானது. என்ஜின் சுற்றுவதை வாங்கி, தண்ணீருக்கு அடியில் இருக்கும் விசிறிக்குக் கொடுப்பது அந்தப் பெட்டி. படகு முன்னே போவதும் பின்னே வருவதும் அதைப் பொறுத்தது. அது கடலில் நின்றுபோனால் என்ஜின் ஓடியும் பயனில்லை.

அந்தப் பெட்டிகளைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவதே அண்ணனின் வாழ்நாள் வேலையாயிற்று. சாமான் எந்தக் கடையிலும் கிடைக்காது. தேய்ந்த புஷ் வளையத்தைப் பட்டுக்கோட்டை லேத் பட்டறைக்கு எடுத்துப்போய், அதேபோல் ஒன்று கடைந்து வாங்கி வருவார். பெட்டியிலிருந்து வடித்த எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தால், உப்புத்தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது பெட்டியைத் திட்டமாட்டார், படகுக்காரரைத்தான் திட்டுவார். "பொண்டாட்டி காய்ச்சல்ல படுத்தா இப்படித்தான் பாக்காம கெடப்பீங்களா?" என்பார். கரையில் ஏற்றி வைத்த படகின் உடம்பு வேறு, மிதக்கும்போது வேறு என்று சொல்லி, படகைத் தண்ணீரில் இறக்கியபிறகே பெட்டியையும் விசிறியைச் சுற்றும் ஷாஃப்டையும் கடைசியாக நேர் பார்த்து முடுக்குவார்.

அதோடு விடமாட்டார். தாம் கட்டிய பெட்டி முதல் தடவை கடலுக்குப் போகும்போது தாமும் படகில் ஏறிவிடுவார். எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள். ஏனென்றால் அண்ணனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. நீச்சலும் தெரியாது. படகு முகத்துவாரத்தைத் தாண்டுமுன்பே குனிந்து வாந்தி எடுப்பார். "வயக்காட்டு மேஸ்திரி உரம் போடுறாரு" என்று அவர்கள் சிரிப்பார்கள். அவரும் வாயைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார். ஆனால் ஏறாமல் இருக்கமாட்டார்.

பேராவூரணித் தோப்புக்காரர் வீட்டிலிருந்து அண்ணி வந்தார். குழந்தைப் பேறு இல்லை. அந்தக் குறையை இருவரும் ஒரு நாளும் எங்கள் முன் பேசியதில்லை. பெற்றோருக்கு ஓட்டு வீடு கட்டிக் கொடுத்ததும், என்னைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்ததும் அண்ணன்தான்.

சென்ற ஆண்டு என் மகளின் நிச்சயதார்த்தத்துக்குத் தாய்மாமனை முறைப்படி அழைக்கப் போயிருந்தேன். அன்று காலை அண்ணன் பெட்டி கட்டிய ஒரு படகின் முதல் கடல். "ரெண்டு வாய் பழையதாவது சாப்ட்டுட்டுப் போங்க" என்றார் அண்ணி. "எதுக்கு, மீனுக்குப் போடவா?" என்றார் அண்ணன். என்னைப் பார்த்து, "சாயங்காலம் வந்து பேசிக்கலாம். மாப்ள வீட்டுக்காரன் மூக்கு எப்படின்னு யோசிச்சு வை" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மதியத்துக்குப் பிறகு ஊரே கரைக்கு ஓடியது. நாங்களும் ஓடினோம். அண்ணன் போன படகு வந்துகொண்டிருந்தது. அது தானாக வரவில்லை. இன்னொரு படகு முன்னால் கயிறு கட்டி இழுத்து வந்தது. அண்ணனைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். ஐயோ, அந்தக் காட்சியை நான் எப்படி எழுதுவேன்! நெஞ்சுவலி என்றார்கள். என் கண் அந்தக் கயிற்றிலேயே நின்றது.

நீடாமங்கலத்திலிருந்து வந்த சித்தப்பாதான் அதை வாய்விட்டுச் சொன்னார்: "பெட்டி நடுக்கடல்ல நின்னுருக்கும். அந்த அதிர்ச்சியிலதான் பாவி போய்ச் சேந்துட்டான்." நானும் அப்படித்தான் நினைத்தேன். அண்ணியும் அப்படித்தான் நினைத்தார். அந்தப் படகு அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் கடலுக்குப் போகாமல் கரையிலேயே கிடந்தது. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? செத்தது ஒரு சாவு என்றால், அவர் வேலை பொய்த்துப்போனது இன்னொரு சாவு. படகுக்காரர் துக்கம் விசாரிக்க வந்தபோதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நாங்கள் உள்ளே போய்விட்டோம். எங்களைக் கேட்க அவருக்குக் கூச்சம், அவரைக் கேட்க எங்களுக்குப் பயம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், பந்தலில் இருந்த படகுக்காரர் முன் அண்ணி போய் நின்றார். "அவரு கட்டுன பெட்டி உங்களக் கடல்ல கைவிட்டுருச்சு. அவரு சாமான் அத்தனையும் எடுத்துக்குங்க. வேற மேஸ்திரிய வச்சுக் கட்டிக்குங்க. அவரை மட்டும் தப்பா பேசிறாதீங்க" என்றார்.

படகுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "அக்கா, யாரு சொன்னா? பெட்டிக்கு என்ன? பெட்டி நல்லாத்தானே இருக்கு!"

"அப்புறம் ஏன் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தீங்க?"

அவர் எங்களையும் எங்கள் ஊர்க்காரர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா? மேஸ்திரி கியரை முன்னால போட்டு, பின்னால போட்டு, எல்லாம் பாத்துட்டு, பெட்டி மேல கையை வச்சுச் சூடு பாத்தாரு. 'போதும், திருப்பு'ன்னாரு. அப்படியே சாஞ்சுட்டாரு. முழு வேகத்துல கரைக்குத்தான் ஓட்டுனோம். பாதி வழியில மூச்சு இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் ஓட்டக்கூடாதுக்கா. உசுரு போன படகு சத்தம் போட்டுக்கிட்டு வரக்கூடாது. கூட்டாளிப் படகுதான் கயிறு போட்டுக் கூட்டிட்டு வரணும். கடல்காரனுக்கு நாங்க செய்யுற மரியாதை அது. வேற யாருக்கும் செய்ய மாட்டோம்."

அந்தக் கரையில் வெகுகாலமாக யாரும் படகிலேயே உயிர்விட்டதில்லை. வயலிலிருந்து போன எங்களுக்கும் தோப்பிலிருந்து வந்த அண்ணிக்கும் அது எப்படித் தெரியும்? எங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றே அவர்கள் இருந்துவிட்டார்கள்.

"அப்ப ஏன் இன்னும் கடலுக்குப் போகல?" என்றார் அண்ணி.

"வீட்டுக்காரவங்க வாயால சொல்லாம எப்படிப் போறது? அதைக் கேக்கத்தான் தெனமும் வந்தேன். நீங்க உள்ள போயிட்டீங்க."

அந்தப் படகை நம்பி அவர் வீட்டில் எத்தனை வயிறு! ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லையே என்று நினைத்தபோது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அண்ணி அழவில்லை. "ஸ்டார்ட் பண்ணுங்க. நான் பாக்கணும்" என்றார். இன்றைக்கு வெளியே இறங்கக்கூடாது என்று சித்தப்பா தடுத்தார். "சும்மா இருங்க மாமா. நீங்க சொன்னதக் கேட்டு இத்தன நாளு செத்தேன்" என்று அண்ணி நடந்துவிட்டார்.

படகைத் துறையில் கட்டியபடியே என்ஜினைப் போட்டார்கள். முன்கியர் விழுந்ததும் கட்டிய கயிறு விறைத்துக்கொண்டு நின்றது. பின்கியரில் தண்ணீர் படகின் இரு பக்கமும் நுரைத்துக்கொண்டு முன்னால் போனது. அண்ணி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்கே போங்க" என்றார். அதைச் சொல்லிவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, அண்ணன் போனபிறகு முதல்முறையாக வாய்விட்டு அழுதார்.

அண்ணனைப் பாயில் கிடத்திக் கடைசிவரை தலையைத் தாங்கியிருந்தவர்களுக்கும், பந்தல் போட்டு அரிசி கொடுத்து எங்கள் பாராமுகத்தையும் பொறுத்துக்கொண்ட அந்தக் கரை மக்களுக்கும், நீடாமங்கலத்திலிருந்தும் பேராவூரணியிலிருந்தும் வந்து உடன் நின்ற உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தன் வலையை விட்டுவிட்டு வந்து கயிறு போட்ட கூட்டாளிப் படகுக்காரருக்கு இன்னும் நேரில் போய்க் கும்பிடு போடவில்லை. இந்த மலரைக் கொடுக்கும்போது போடுவேன்.

அந்தப் படகு இன்றும் கடலுக்குப் போயிருக்கிறது. அந்தப் பெட்டியை இதுவரை யாரும் திறக்க வேண்டியிருக்கவில்லை.