மைதாப் பசையில் ஒட்டிய சீனா

சின்னவனுக்குக் கூழ் ஊட்டும்போது கைபேசியைப் பார்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். பிள்ளை வளர்ப்பு பற்றி நான் படித்ததெல்லாம் அப்படித்தான் சொல்கிறது, படித்ததும் கைபேசியில்தான். போன வாரம் அப்படி ஒரு கையில் கரண்டியும் மறு கையில் கைபேசியுமாக இருந்தபோதுதான் அந்தப் படங்கள் வந்தன. கல்கத்தாவின் பழைய சீனத் தெரு. மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் பரணிலிருந்து கிடைத்த கறுப்பு வெள்ளைப் படங்களாம். ஆவி பறக்கும் பலகாரக் கூடைகள், தோல் காயும் மொட்டைமாடி, பிறகு ஒரு செருப்புக் கடை. அதன் வாசலுக்கு மேலே ஆள் உயர மரச் சப்பாத்து ஒன்று தொங்கியது, கீழே ஒருவர் நின்றிருந்தார். கூழ் பிள்ளையின் மூக்குக்குள் போய்விட்டது.

அந்தச் சப்பாத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரான காரோட்டில், நாலாம் வகுப்பில்.

எங்கள் பக்கத்துச் சமையலறை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. மீன் பொரிப்பது சீனச்சட்டியில். மாங்காய் உப்பிலிடுவது சீனப்பரணி என்கிற ஜாடியில். பாறசாலை முதல் நெய்யாற்றங்கரை வரை சீனா இல்லாத வீடு கிடையாது. சீனாக்காரர்தான் ஒருவரும் இல்லை, லில்லி வரும்வரை. அவளுடைய அம்மா நர்ஸ் வேலைக்குக் கல்கத்தா போய், அங்கே செருப்புத் தைக்கும் சீனர் ஒருவரைக் கட்டிக்கொண்டவர். அவர் இறந்து சில வருடம் கழித்து மகளோடு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டார். லில்லிக்கு அப்பாவின் கண்கள். வந்த முதல் வாரமே அவளுக்குச் சீனச்சட்டி என்று பெயர் வைத்தோம். வைத்தது நான்தான். ‘வைத்தோம்’ என்று எழுதினால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

“ஒனக்கு அப்பாவே கெடையாதுட்டி. மீன் பொரிக்கும்ப சட்டியில கெடந்து கிட்டினவளாக்கும் நீ,” என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். வாத்தியார் வீட்டுப் பெண், முதல் பெஞ்சு. நான் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

ஒரு நாள் அவள் அப்பாவைக் கொண்டுவந்தாள். கணக்குப் புத்தகத்துக்குள் ஒரு படம். மரச் சப்பாத்துக்குக் கீழே ஒரு மனிதர்.

“இது ஒண்ணேதான் உண்டு. தொடாம பாரு.”

அந்த வாரம் எனக்கு வேறு கவலை. சபையின் ஓய்வுநாள் பள்ளியில் சார்ட் போட்டி. தலைப்பு, ‘சுவிசேஷம் கேளாத தேசங்கள்’. எல்லாத் தேசத்துக்கும் படம் கிடைத்துவிட்டது, சீனாவைத் தவிர. “இந்த எடம் மட்டும் ஒழிஞ்சு கெடக்கே மக்கா,” என்று டீச்சர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கொடுத்த வேலையை முடிக்காமல் இருக்க எனக்கு இன்றும் தெரியாது.

“படத்தத் தாட்டி. ஞாயிறாழ்ச்ச திருப்பித் தாறேன். இனி ஒன்ன ஆரும் சட்டின்னு விளிக்க மாட்டாவ,” என்றேன். தந்துவிட்டாள்.

மைதா காய்ச்சி ஒட்டினேன். நாலு மூலையில் தொட்டு வைத்தால் போதும். எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லையே நான், முழுக்கத் தடவினேன். முதல் பரிசு எனக்குத்தான்.

லில்லி சார்ட்டின் முன்னால் வந்து நின்றாள்.

“எனக்க அப்பா ஞானஸ்நானம் எடுத்தவராக்கும். அவரு சுவிசேஷம் கேட்டிருக்காரு.”

“கேட்டிருந்தா பின்னே சார்ட்டில எதுக்குட்டி வந்தாரு?” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் மட்டும் சிரிக்கவில்லை என்று ரொம்ப வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். சிரித்தேன்.

அவள் விரலை எச்சிலில் நனைத்து ஓரத்தைச் சுரண்டினாள். பிறகு பிடித்து இழுத்தாள். கழுத்துக்குக் கீழே உள்ள பாதி அவள் கையோடு வந்தது. முகம் சார்ட்டிலேயே தங்கிவிட்டது. பரிசு வாங்கிய சார்ட்டைக் கிழித்ததற்கு டீச்சர் அவள் கையில் இரண்டு அடி கொடுத்தார். கிழிந்த இடம் அசிங்கமாகத் தெரிகிறதே என்று அடுத்த ஞாயிறு அந்த முகத்தின் மேல் சீனப் பெருஞ்சுவரை ஒட்டியதும் நான்தான். வீட்டில் கிடந்த பழைய பத்திரிகையில் இருந்த படம். முதலிலேயே ஒழுங்காகத் தேடியிருந்தால் கிடைத்திருக்கும்.

லில்லி இப்போது அதியன்னூரில் இருக்கிறாள். நம்பர் சபையின் வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. மன்னிப்பு என்று எழுதி அழித்தேன். சுகமா என்று எழுதி அழித்தேன். அனுப்பலாமா, அனுப்பினால் வலிக்குமோ, அனுப்பாவிட்டால் மறுபடி திருடியதாகுமோ? கடைசியில் அந்தச் செருப்புக் கடைப் படத்தை மட்டும் அனுப்பி, ‘கீழே நிற்பது உன் அப்பாவா?’ என்று கேட்டேன்.

சாயங்காலம் குரல் செய்தி வந்தது. பின்னால் குக்கர் விசிலடித்தது.

“கட அதுதான். ஆளு ஆருன்னு எனக்குத் தெரியல்ல. அவரு போகும்ப எனக்கு நாலு வயசு. அந்தப் படத்தில உள்ள மொகந்தான் எனக்கு அப்பா. அதுவும் இப்போ ஓர்மையில இல்ல. அம்மையும் போயாச்சு. கடசியா அத கையில வெச்சிருந்தது நீயில்லியா? நீயே பாத்துச் சொல்லு மக்கா. அவருதானா?”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

ஓய்வுநாள் பள்ளிக் கட்டடத்தை இடித்து ஹால் கட்டியாயிற்று. பழைய சார்ட்டுகளைக் கொல்லையில் போட்டு எரித்தார்கள். சுத்தம் செய்ய நானும் போயிருந்தேன். இரண்டு நாளாகப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அந்த முகம் மூன்று நாள் என் வீட்டில் இருந்தது. மூக்கு எப்படி இருந்தது, நெற்றி எப்படி, சிரித்தாரா? எதுவும் தெரியவில்லை. கண்களை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், கேலி செய்வதற்காக. கைபேசியில் நிற்பவர் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்திருக்கிறார். கண் இருக்கும் இடத்தில் நிழல்.