பின்னால் விசிறி வைத்த விமானம்

தேக்குச் சீவலின் மணம் எங்கே வந்தாலும் எனக்கு எங்கள் செல்வம் அண்ணனின் நினைப்பு வந்துவிடும். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் ஜப்பான்காரன் செய்து பார்த்த 'ஷின்டென்' என்ற சண்டை விமானத்தின் படத்தை, பன்சொடான் தெரு நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய புத்தகத்தில் கண்டவர், பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரங்கூன் மழையில் வீட்டோடு கிடந்த அந்த மாதங்களில் அதைத் தேக்கில் செதுக்கிக்கொண்டிருந்தார். சின்ன இறக்கை மூக்கிலும் விசிறி வால்பக்கமும் இருந்ததால், பார்த்தவர்களெல்லாம் "தலையை வால்ல ஒட்டிட்டியே தம்பி" என்று கேலி செய்தார்கள். சில தடவை பறந்து பார்ப்பதற்குள் போர் முடிந்து, சண்டைக்குப் போகாமலே நின்றுபோன விமானம் அது என்று அண்ணன் சொன்னபோது நான்தான் வருத்தப்பட்டேன். அவரோ பொறியியல் கல்லூரிக்குப் போய் அதைவிட நல்லதாக ஒன்று தாமே செய்யப்போவதாக இருந்தார்.

ஆயுத பூசையன்று, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பாவின் ஸ்பானர்களோடு அதையும் கொண்டுவந்து வைத்தார். "ஓடாத வண்டிக்குப் பூசை எதுக்குடா?" என்றார் அப்பா. "ஓடட்டும்னுதானே பூசை" என்று சொல்லிவிட்டு, அம்மா இறக்கையில் குங்குமம் வைத்தாள். அப்பாவும் கற்பூரத்தை அதற்கு நேரே கொஞ்சம் கூடுதலாகவே காட்டினார்.

மதிப்பெண்ணில் குறையில்லை. தாத்தா கப்பலேறி வந்தவர் என்பதால் எங்களுக்குக் கிடைத்திருந்த குடியுரிமை அட்டைதான் முழுக் குடிமக்களுக்கு உரியதல்ல. அந்த அட்டைக்காரர்களுக்குப் பொறியியல் கல்லூரியில் இடமில்லை. அப்பா அண்ணனைக் கூட்டிப்போன கல்லூரி அலுவலகத்தில் இருவரையும் உட்காரவைத்து, 'லபெயே' வரவழைத்து, அந்தப் பால் தேநீரைக் குடித்து முடித்த பிறகே மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்களாம். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "நானே இந்த ஊர்லதானேடா பொறந்தேன்" என்று தாம் ஏதோ தப்புச் செய்தவர்போல அண்ணனிடம் சொன்னார். அண்ணன் ஒரு பட்டறையில் சேர்ந்தார். பிற்பாடு புறநகரான லைங் தாயாவில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குத் தையல் மெஷின் பழுதுபார்க்கப் போனார். வீடு மாறியதில் விமானம் எங்கோ தொலைந்தது, அவர் அதைத் தேடவும் இல்லை.

இன்று அப்பா அம்மா இல்லை, அந்த வீடு இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. போன மாதம் அண்ணனின் ஒரே மகன் மலேசியாவுக்கு வேலைக்குப் புறப்பட்டான். அவன் உள்ளே போன பிறகும் போக மனமில்லாமல் மிங்கலாடோன் விமான நிலையத்தின் வெளியே நின்றோம். வெகுநேரம் கழித்து ஒரு விமானம் எங்கள் தலைக்கு மேலே ஏறியது.

"அண்ணே, பையன் போற பிளேன் அதுதானா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும் தங்கச்சி" என்றார் அண்ணன், நிமிர்ந்து பார்க்காமலே.