நெத்திலி காயப்போட்ட இடம்

என் கணவர் கைப்பேசியில் வீடியோ வீடியோவாகப் பார்த்து ஆசைப்பட்டு, வில்லியனூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த வண்டி அது. படுக்கவைத்த நீர்த்துளி போல முன்னால் உருண்டு பின்னால் ஒடுங்கியிருக்கும். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகலாம். உள்ளே இருவர் படுக்க ஒரு மெத்தை; பின்மூடியைத் தூக்கினால் அடுப்பு. செய்வதற்கு முன்பு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாசி மாதம் எங்கள் ஹார்டுவேர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, அந்த வண்டியில் தங்கலாமென்று நல்லவாட்டுக்குப் போனோம். வழியெல்லாம் சண்டை.

கடலோரம், மீனவர் வீடுகளுக்குப் பின்னால் ஒரு மணல் திட்டு இருந்தது. கார் டயர் புதையாத கெட்டி மணல். அங்கே நிறுத்தினார். அரை மணி நேரத்தில் ஐம்பது வயதுள்ள ஒரு பெண் வந்து, அது கருவாடு காயப்போடுகிற இடம், விடிந்தால் மீன் வந்துவிடும், கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள் என்று தன்மையாகத்தான் சொன்னாள். இது புறம்போக்கு, யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்றார் இவர். அவள் என்னைப் பார்த்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

அவள் போன பிறகு, எடுத்துவிடலாமே என்றேன். கடையில் சரக்குப் பெயர் தெரியாமல் வருகிறவர்களிடம் பேசுகிற குரலில், உனக்கு ஒன்றும் தெரியாது என்றார். ராத்திரி கோபித்துக்கொண்டு திரும்பிப் படுக்கக்கூட அந்த மெத்தையில் இடமில்லை. அவர் முழங்கை என் விலாவில் இடித்துக்கொண்டே இருந்தது.

காலையில் கதவைத் திறந்தால் நெத்திலி. அந்தப் பெண்ணும் இன்னும் நான்கு பேரும் பழைய வலைகளை விரித்து, காரையும் வண்டியையும் சுற்றி நாலாபுறமும் மீனைப் பரப்பியிருந்தார்கள். கால் வைக்க மட்டும் ஒரு சாண் இடைவெளி. இவர் ஹாரன் அடித்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என்னை ஏறச் சொன்னார். நான் ஏறவில்லை. காரைக் கிளப்பி ஓரடி நகர்த்தினார். முன்சக்கரம் வலையின் ஓரத்தில் ஏறி நின்றது.

அந்தப் பெண் எழுந்து வந்தாள். நசுங்கிய மீனைக் கூட்டி அள்ளி, திறந்திருந்த எங்கள் அடுப்புப் பலகைமேல் கொட்டினாள். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள். இவர் எஞ்சினை நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள்ளேயே இருந்தார்.

வெயில் ஏறியது. அவர்கள் ஓலைக் கொட்டகைக்குக் கீழே இருந்தார்கள். நான் போய், "அக்கா, நான் நேத்தே எடுக்கச் சொன்னேன். அவருதான் கேக்கல" என்றேன்.

அவள் மீனைப் புரட்டிப்போட்டுக்கொண்டே, "எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? நான் கேக்கறப்ப வாயத் தொறந்தியா? நீயுந்தான அதுல படுத்துக் கெடந்த" என்றாள்.

நிழலில் நகர்ந்து இடம் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். கொடுக்கவில்லை. வண்டியின் நிழலுக்கே திரும்பி வந்தேன். சாயங்காலம் அவர்கள் மீனை வாரிய பிறகுதான் புறப்பட முடிந்தது.

பாகூர் வந்ததும் இவர் ஒரு டீக்கடையைப் பார்த்தார். அங்கே நிறுத்தி, தான் மட்டும் இறங்கி டீ குடித்துவிட்டு வந்து, "அவளுங்ககிட்ட போய் என்னக் காட்டிக் குடுத்த இல்ல" என்றார்.

"ஆமா. ஒரு நாள் லேட்டா காட்டிக் குடுத்துட்டேன்" என்றேன்.

அதன்பிறகு அவர் இரண்டு முறை அந்த வண்டியில் போய் வந்தார், தனியாக. வா என்று கூப்பிடவுமில்லை, நான் கேட்கவுமில்லை. நல்லவாடு ஒன்றும் தூரமில்லை. பஸ் ஏறிப் போய் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இதுவரை போகவில்லை. அவள் சொன்னதில் தப்பில்லை என்று தெரிந்தும், அவள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.